இலக்கம் பன்னிரண்டின் விலை

அச்சுவேலி
11.02.2023

ஆரபி மச்சாளுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் ஆவல் என்று எழுதினால், தைப்பொங்கலன்று போனில் நடந்ததை நான் மறந்துவிட்டேன் என்று நினைப்பீர். மறக்கவில்லை. "இஞ்சை வாங்கோ, நான் ஸ்பொன்சர் பண்ணுறன், என்ரை வீட்டிலை இருக்கலாம்" என்று நீர் சொன்னீர். "ஆரின்ரையும் சோத்திலை குந்தியிருக்கிற ஆள் நானில்லை" என்று சொல்லி நான் போனை வைத்தேன். நாற்பத்தாறு வயது மனிதனைப் பார்த்து ஒரு மாமன் மகள் அப்படிக் கேட்கலாமா என்று நீரே யோசியும்.

இந்தக் கடிதம் அதைப் பற்றியது அல்ல. நம்முடைய கையேட்டைப் பற்றியது. நாம் சின்னப்பிள்ளைகளாக இருந்தபோது மயில் மார்க் பபிள்கத்துக்குள் வந்த அறுபது கிரிக்கெற் அட்டைகளுக்கும் இன்றைக்கு என்ன விலை என்று, கொரோனா அடைப்புக் காலத்தில் போனில் கதைத்துக் கதைத்து இருவரும் தொடங்கிய வேலை அது. ரொறன்ரோ விலை நீர் விசாரித்தது, யாழ்ப்பாண விலை நான் விசாரித்தது. மூன்றாம் பதிப்பு சித்திரையில் வரவேண்டும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி அச்சகத்தில் நூற்றைம்பது பிரதிக்குச் சொல்லியாயிற்று. சண்டைக்காக வேலையை நிறுத்துகிற ஆள் நானில்லை.

ஆனால் இனி ஒரு விதி. அங்கே ஒரு அட்டை விலைப்பட்டால் அதை மையால் எழுதி, கையெழுத்து வைத்து, தபாலில் அனுப்பவேண்டும். எந்த இலக்கம், என்ன விலைக்குப் போனது, என்ன பழுது, எல்லாம் கண்ணால் கண்டபடி எழுதவேண்டும். போனில் சொல்வது காற்றோடு போகும். வட்சப்பில் வருவதை நம்ப முடியாது. விற்பனைக் கடிதம் வந்தால் பதில் எழுதுவேன். வேறு கதைக்குப் பதில் கிடையாது.

இப்படிக்கு,
சிவரூபன்

பி.கு: அன்றைக்கு நீர் அழுதீரோ தெரியவில்லை. போனை வைத்துவிட்டபடியால் கேட்கவில்லை.


ஸ்காபரோ
23.04.2023

சிவரூபன் மச்சானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற ஆளிடமிருந்து வேறு எப்படிக் கடிதம் வரும்? நான் அழவில்லை. சோறு வடித்துக்கொண்டிருந்தேன், ஆவி முகத்தில் அடித்தது. போனை வைத்தது நீங்கள், விதி போடுவதும் நீங்கள். நல்ல நியாயம்.

சரி, விதிப்படி எழுதுகிறேன். இலக்கம் 12, பன்னிரண்டாம் ஆள். ஞாபகம் இருக்குமே, பெயரும் போடாமல், தண்ணீர்ப் போத்தல் அடுக்கிய தட்டோடு மைதான ஓரத்தில் நிற்கிறவர். இங்கே தமிழ்க் கடைத்தொகுதியில் பழைய சாமான் விற்பனை நடந்தது. ஒருவர் இருபத்தைந்து டொலர் கொடுத்து வாங்கினார். பழுது: மேல் இடது மூலையில் ஒரு மடிப்பு. மடித்து நிமிர்த்திய தழும்பு நன்றாகத் தெரிகிறது. நிறம் மங்கவில்லை. தட்டில் உள்ள போத்தல்களை இன்னும் எண்ணலாம்.

கண்ணால் கண்டபடி எழுதிவிட்டேன். கையெழுத்தும் வைக்கிறேன். இனிப் பதில் எழுதவேண்டியது உங்கள் பொறுப்பு.

பேக்கரி வேலை அப்படியேதான். விடிவதற்கு முன் போய் மா குழைக்கிறேன். மகன் நிருஷன் பதினோராம் வகுப்பு. வீட்டில் இருந்தாலும் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு இல்லாத மாதிரித்தான். அவனுடைய தகப்பன் விட்டுப் போன பிறகு இந்த வீட்டில் தமிழ் கதைப்பது நானும் வானொலியும்தான். இது அட்டைக் கதை இல்லை, தெரியும். வெட்டிவிட்டு வாசியுங்கள்.

ஆரபி


அச்சுவேலி
17.06.2023

ஆரபி மச்சாளுக்கு,

நீர் எழுதியதை வாசித்து முதலில் நம்பவில்லை. பன்னிரண்டாம் ஆளுக்கு நம் கையேட்டில் முந்நூறு ரூபாய் போட்டதே இரக்கத்தில். பபிள்கத்தைப் பிரித்து அவர் வந்தால் பிள்ளைகள் அழுவார்கள். கக்கூஸ் கதவில் ஒட்டினார்கள், பட்டத்து வாலில் கட்டினார்கள்.

பிறகு யோசித்தேன். எல்லாரும் எறிந்ததால்தான் இன்றைக்குக் கிடைக்காமல் போயிருக்கிறார். அணித் தலைவரை எல்லாரும் பத்திரப்படுத்தினார்கள், இவரை ஒருவரும் பத்திரப்படுத்தவில்லை. ஆகவே அரிது இவர்தான். இது ஒரு நல்ல கோட்பாடு. அடுத்த பதிப்பின் முன்னுரையில் எழுதப் போகிறேன்.

ஆனால் நீர் பின்பக்கத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. பின்பக்கம் பாராமல் அட்டைக்கு விலை போட முடியாது. காட்போட் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் இருபது வருடம் நிற்கிறேன், மட்டையின் குணம் பின்னால்தான் தெரியும். இனிப் பார்த்து எழுதும்.

குருநகர்க் கிறகோரி அண்ணை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்திருந்தார். கடற்றொழில் செய்கிறவர், நம்மை விட அட்டைப் பைத்தியம் கூடியவர். பழுதில்லாத முதல் தரத் தலைவர் அட்டை, அதாவது இலக்கம் 1, அவர் பாஷையில் கப்ரின், நாம் அறிய மூன்றே மூன்று. ஒன்று அவரிடம் பால்மா ரின்னுக்குள் இருக்கிறது. போர்க்கால இடப்பெயர்வு இரண்டிலும் ஈரம் படாமல் காப்பாற்றியது. ஒன்று உம்மிடம். மற்றது கொழும்பில் ஒரு வீட்டில். உம்முடைய செய்தியைச் சொன்னேன். "பன்னிரண்டாம் ஆளுக்கு இருவத்தைஞ்சு டொலரோ? கடலுக்கை திருப்பி எறிஞ்ச மீனுக்குக் கரையிலை விலை வந்த மாதிரியெல்லோ கிடக்கு" என்று சிரித்தார்.

பள்ளிக்கூட அணியில் மூன்று வருடம் நான்தான் பன்னிரண்டாம் ஆள் என்பது உமக்குத் தெரியும். அதனால்தான் அந்தாளுக்கு விலை வந்ததில் எனக்குச் சந்தோஷம் என்று நினைக்கவேண்டாம். சந்தோஷம்தான்.

சிவரூபன்


ஸ்காபரோ
26.11.2023

மச்சானுக்கு,

இன்னொரு பன்னிரண்டாம் ஆள் விலைப்பட்டார். நாற்பது டொலர். வாங்கியவர் மிசிசாகாவிலிருந்து வந்தவர். பின்பக்கம் பார்க்கச் சொன்னீர்கள், பார்த்தேன். நடுவில் பழுப்பு நிறத்தில் பிசின் காய்ந்த கறை, ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவு. கொப்பியில் ஒட்டிப் பிறகு உரித்திருக்கிறார்கள். கறையின் ஓரத்தில் கொப்பித் தாளின் நீலக் கோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. போதுமா?

இங்கே இப்போது நாலரைக்கே இருட்டிவிடும். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது உங்கள் ஆனிக் கடிதத்தை வாசிப்பேன். பக்கத்தில் இருக்கிற சீனப் பெண் ஒருநாள் "நல்ல செய்தியா?" என்று கேட்டாள். காட்போட் பெட்டி பற்றிய கடிதம் என்று எப்படிச் சொல்வது? ஓம் என்று சொல்லிவிட்டேன்.

இரவில் என்ன சாப்பிடுகிறீர்கள்? அத்தை காலமான பிறகு நீங்களே சமைக்கிறீர்களா, கடையில் எடுக்கிறீர்களா? இதற்குப் பதில் எழுதத் தேவையில்லை. விதி எனக்குத் தெரியும்.

ஆரபி


அச்சுவேலி
09.03.2024

ஆரபி மச்சாளுக்கு,

இத்துடன் நான்காம் பதிப்பின் ஒப்புநோக்குத் தாள் வைத்திருக்கிறேன். உம்முடைய இரண்டு விற்பனையையும் வைத்துப் பன்னிரண்டாம் ஆளுக்கு எண்ணாயிரம் ரூபாய் போட்டிருக்கிறேன். முன்னுரையில் கோட்பாடும் வந்திருக்கிறது. ஒப்புநோக்கிய அச்சகப் பெடியன் "நல்லா எழுதியிருக்கிறியள்" என்றான். அவன் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வான், ஆனாலும்.

அந்தக் கறை விளாம்பிசின். கொழும்புப் பிள்ளைகளுக்குப் பசைப் போத்தல் இருந்தது. விளாத்தி மரத்தில் பிசின் தோண்டி ஒட்டினது நம் ஆட்கள்தான். ஆகவே அந்த அட்டை இங்கேயிருந்து போனது. கறை இருந்தால் அரை விலை என்பது வேறு இடத்து வழக்கமாக இருக்கலாம். நம் கையேட்டில் விளாம்பிசினுக்குக் கழிவு இல்லை என்று சேர்த்துவிட்டேன். ஒட்டி வைத்ததே விருப்பத்தில்தானே. விருப்பத்துக்கு எப்படி விலை குறைப்பது?

கிறகோரி அண்ணை புதுப் பதிப்புக்காக அந்தரப்படுகிறார். "தம்பி, நான் விக்கிறது வாங்கிறது எல்லாம் வட்சப்பிலை உடனுக்குடனை உனக்கு அனுப்புறன். நீ புத்தகத்தை வருசத்துக்கு ஒருக்காத்தான் காட்டுறாய்" என்று குறை சொன்னார்.

இரவில் புட்டு. ஒரு ஆளுக்கு அளவாகப் புட்டு அவிக்க இன்னும் எனக்குக் கைவரவில்லை. எப்படி அவித்தாலும் மிஞ்சுகிறது. காலையில் காகத்துக்கு வைக்கிறேன். நீர் கேட்டபடியால் எழுதுகிறேன். விதி விதிதான்.

சிவரூபன்


ஸ்காபரோ
20.07.2024

மச்சானுக்கு,

மூன்றாவது பன்னிரண்டாம் ஆள், எழுபத்தைந்து டொலர். கீழ் ஓரத்தில், நடுவுக்குக் கொஞ்சம் வலப்பக்கமாகப் பல் பதிந்த தடம். முன்பக்கம் இரண்டு பள்ளம், பின்பக்கம் இரண்டு. சின்னப் பல். கிழியவில்லை. விரலால் தடவினால் தெரியும்.

நிருஷனுக்கு ஒட்டாவாவில் படிக்க இடம் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் போகிறான். சந்தோஷம்தான், ஆனால் நேற்று அவனுடைய உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது, இனி இந்த வீட்டில் சண்டை பிடிக்கவேண்டும் போல் இருந்தாலும் ஆள் இல்லை என்று நினைத்தேன். உங்களோடு பிடித்த சண்டை ஒன்றுதான் மிச்சம். அதையும் நீங்கள் பாதியில் வைத்துவிட்டீர்கள்.

கெதியாகப் பதில் எழுதுங்கள். போன கடிதத்துக்கும் அதற்கு முந்தினதுக்கும் இடையில் ஒரு குளிர்காலமே போய்விட்டது.

ஆரபி


அச்சுவேலி
05.10.2024

ஆரபி மச்சாளுக்கு,

ஒரு அவசர விஷயம். கிறகோரி அண்ணை ஒரு அட்டை மாற்றில் ஏமாந்து மோசம் போய்விட்டார்.

புரட்டாதியில் கொழும்பிலிருந்து ஒரு அட்டை வியாபாரி வந்து நம் கையேட்டைக் காட்டி, "உங்கடை தலைவருக்கு இதிலை தொண்ணூறாயிரம். பன்னிரண்டாம் ஆளுக்கு எண்ணாயிரம். நான் பதினொரு பன்னிரண்டாம் ஆள் தாறன். கணக்குச் சரிதானே" என்றிருக்கிறான். விலை ஏறிக்கொண்டு போகிறது என்று நான்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன். அவர் நம்பி, பால்மா ரின்னைத் திறந்து தலைவரைக் கொடுத்துவிட்டார். இப்போது பதினொன்றில் ஒன்றைத்தானும் வாங்க ஆளில்லை. வியாபாரியைத் திரும்பக் கேட்டதற்கு, "புத்தகத்திலை உள்ள விலைக்குத்தானே தந்தனான்" என்கிறானாம்.

நேற்று வந்து முற்றத்தில் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே கதைத்தார். "ரெண்டு இடப்பெயர்விலையும் துவக்குச் சத்தத்துக்கை காப்பாத்தினதைச் சும்மா இருந்த நேரத்திலை குடுத்திட்டன் தம்பி. மனுசி றஜனியின்ரை முகத்தைப் பாக்கேலாமல் கிடக்கு. அவள் ஒண்டும் சொல்லேல்லை. சொன்னால் பரவாயில்லை" என்றார். புத்தகத்தில் என் பெயர்தானே இருக்கிறது.

நீர் ஒரு உதவி செய்யவேண்டும். அங்கே வாங்கிய மூன்று பேருடைய பெயரையும் முகவரியையும் அனுப்பும். மூன்று பேர் வாங்கிய இடத்தில் நாலாம் ஐந்தாம் ஆள் இருக்கத்தான் வேண்டும். அவர்களோடு கிறகோரி அண்ணையைத் தொடுத்துவிடலாம். இந்தக் கடிதம் கண்டவுடன் எழுதும்.

சிவரூபன்


ஸ்காபரோ
12.11.2024

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. கிறகோரி அண்ணையின் கதையைக் கேட்டு எனக்கு வேலையில் கை ஓடவில்லை. இரண்டு தட்டுப் பாண் கருகிவிட்டது.

வாங்கியவர்களின் பெயரைக் கேட்டிருந்தீர்கள். ஒருவர் கல்கரிப் பக்கம் மாறிப் போய்விட்டார். மிசிசாகாக்காரரின் இலக்கம் என்னிடம் இல்லை. மூன்றாவது ஆளைத் தேடிப் பார்க்கிறேன். கிறகோரி அண்ணையைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். அவரிடம் நீங்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மேலும் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களில் ஒரு பிழையும் இல்லை.

இந்த வருடம் இனிப் பன்னிரண்டாம் ஆள் விலைப்படமாட்டார்.

ஆரபி

21.12.2024
எழுதி வைத்தபடியே கிடக்கிறது. தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்துவிட்டார்கள். இப்போதுதான் முடிந்தது. இதைக் கிழித்துவிட்டு வேறு எழுதவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். துணிவு வரவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.


அச்சுவேலி
02.02.2025

ஆரபி,

மச்சாள் என்று எழுதக் கோபம் விடுகுதில்லை.

நேற்று முழுக்க மழை. தொழிற்சாலைக்குப் போகாமல், கல்கரிக்குப் போன ஆளை எப்படித் தேடலாம் என்று உம்முடைய விற்பனைக் கடிதம் மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதலாவதில் மேல் இடது மூலை மடிப்பு, பின்பக்கம் பற்றிப் பேச்சில்லை. இரண்டாவதில் பின்பக்கம் பிசின், மூலை பற்றிப் பேச்சில்லை. மூன்றாவதில் கீழ் ஓரத்தில் பல். மற்ற இரண்டும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று நீர் அதை மூன்று துண்டாக வெட்டி மறைத்தீர்.

அந்தப் பல் என்னுடையது. உங்கள் வளவு விளாத்தியில் பிசின் எடுக்க ஏறியபோது, "அட்டையைத் தாங்கோ, நான் வைச்சிருக்கிறன்" என்று கீழே நின்று கத்தினீர். தந்தால் திரும்பி வராது என்று பல்லில் கவ்விக்கொண்டு ஏறினேன். இறங்கி வந்து, பன்னிரண்டாம் ஆள்தானே, வைத்திரும் என்று உம்முடைய கணக்குக் கொப்பியில் நானே ஒட்டித் தந்தேன். கணக்குக் கொப்பியில் என்ன படம் என்று மாமா உரித்தபோதுதான் மூலை மடிந்தது. மூன்று அட்டை இல்லை. ஒரே அட்டை. அது ஒருநாளும் விலைப்படவில்லை.

விற்பனை மூன்றும் பொய், பழுது மூன்றும் உண்மை. பொய் எழுதும்போதும் அதைக் கையில் வைத்துப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறீர். நான் முன்னுரையில் எழுதிய கோட்பாட்டை நூற்றைம்பது பேர் வாசித்துவிட்டார்கள், அந்த வெட்கம் என்னோடு போகட்டும். கிறகோரி அண்ணையின் தலைவர் போனதே, அதற்கு என்ன சொல்கிறீர்? அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. அவர் வரும் சத்தம் கேட்டால் வீட்டுக்குள் போய்விடுகிறேன். இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு ஒளிப்பு.

சித்திரைப் பதிப்பில் திருத்தம் போட்டே ஆகவேண்டும். விற்பனை நடக்கவில்லை என்று எழுதுவேன். நடக்காததை நடந்ததாக ஏன் போட்டீர்கள் என்று கேட்பார்கள். காரணத்தை எழுதாமல் திருத்தம் போட முடியாது. என்ன எழுத? நீரே சொல்லும்.

நீர் அதை விற்கவில்லை. இத்தனை வருடமும் வைத்திருந்திருக்கிறீர். அது விளங்கியபோது கோபத்துக்கு நடுவில் கனநேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிவரூபன்


ஸ்காபரோ
16.03.2025

மச்சானுக்கு,

காரணம் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாதா?

விற்பனைக் கடிதம் வந்தால் பதில் எழுதுவேன் என்றீர்கள். நான் விற்பனைக்காகக் காத்திருந்தேன். கடைத்தொகுதி எல்லாம் ஏறி இறங்கினேன். இந்த ஊரில் ஒருவரும் மயில் அட்டை விற்கவுமில்லை, வாங்கவுமில்லை. நான் என்ன செய்ய? உங்கள் எழுத்தைப் பார்க்கவேண்டும் போல் இருந்தது. விலைப்பட்டாலும் ஒருவரும் கவலைப்படாத அட்டை எது என்று யோசித்துப் பன்னிரண்டாம் ஆளை எடுத்தேன். கடலுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு மனிதர் அதை நம்பித் தலைவரைக் கொடுப்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அது என் பிழை, அதில் சாட்டுச் சொல்லமாட்டேன்.

என் பொய்யைப் பிடித்துவிட்டீர்கள். உங்களுடையதை நான் பிடிக்கவில்லை என்று நினைத்தீர்களோ? போன வருடம் பங்குனியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கிறகோரி அண்ணை விற்பது வாங்குவது எல்லாம் வட்சப்பில் உங்களுக்கு அனுப்புகிறாராம். வட்சப்பை நம்ப முடியாது என்று எனக்கு எழுதிய அதே ஆளுக்கு. குருநகரிலிருந்து வட்சப் வரலாம், கொழும்பிலிருந்து வரலாம், ஸ்காபரோவிலிருந்து மட்டும் மையும் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். அந்த விதி எனக்கு மட்டும் ஏன் மச்சான்? நான் ஒரு வருடமாக இதைக் கேட்காமல் வைத்திருந்தேன். கேட்டால் விதியை எடுத்துவிடுவீர்களோ என்று பயம்.

கிறகோரி அண்ணையிடம் நானே நேரில் வந்து மன்னிப்புக் கேட்கிறேன். ஆடியில் மூன்று கிழமை லீவு கேட்டிருக்கிறேன். என்னுடைய தலைவர் அட்டையைக் கொண்டு வருகிறேன். அவர் அதை எடுத்துக்கொண்டு தன்னிடம் உள்ள பதினொரு பன்னிரண்டாம் ஆட்களையும் எனக்குத் தரட்டும். தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் வீட்டை விட்டு நடந்தபோது சாவகச்சேரி வரை சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோன அட்டை. கொடுக்க நெஞ்சு வலிக்கிறது. வலிக்காமல் கொடுத்தால் அவருக்கு அது ஈடாகாது. என்னிடம் உள்ளதோடு பன்னிரண்டு பேர் ஆகும். ஒரு முழு அணி, எல்லாரும் தண்ணீர்த் தட்டோடு.

இன்னொன்று. உங்களைச் சோறு போட்டு வைத்திருக்க நான் கூப்பிடவில்லை. எனக்கும் ஒரு ஆளுக்கு அளவாகச் சமைக்கத் தெரியாது. அங்கேயும் மிஞ்சுகிறது, இங்கேயும் மிஞ்சுகிறது, இது என்ன வாழ்க்கை என்று நினைத்துத்தான் கேட்டேன். கேட்ட முறை பிழையாக இருக்கலாம். நினைத்தது பிழை இல்லை. இப்போதும் அதைத்தான் நினைக்கிறேன். அது அங்கேயோ இங்கேயோ என்று நான் இனிப் பிடிவாதம் பிடிக்கமாட்டேன்.

பலாலி விமான நிலையத்தில் இறங்கி ஓட்டோவில் வந்தால் நீங்கள் படலையில் நின்று, "பயணம் எப்பிடி" என்று கேட்டுவிட்டு உடனே அட்டைக் கதைக்குப் போவீர்கள். பரவாயில்லை. அதையும் குரலில் கேட்டால் போதும்.

ஆரபி


அச்சுவேலி
11.05.2025

ஆரபி,

கிறகோரி அண்ணையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உம்முடைய கடிதத்தையும் வாசித்துக் காட்டினேன், சோறு மிஞ்சுகிற பகுதியைத் தவிர. வலை பொத்திக்கொண்டிருந்தவர் ஊசியை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "அந்தப் பிள்ளையை ஏன் குறை சொல்லுறாய்? நீ சும்மா ஒரு கடதாசி போட்டிருந்தால் என்ரை கப்ரின் இண்டைக்கு என்னோடை இருந்திருப்பான்" என்றார். றஜனி அக்கா உள்ளே நின்று சிரித்தா. அவர்கள் வீட்டில் சிரிப்புக் கேட்டுக் கனகாலமாம். மாற்றுக்கு ஓம் என்றுவிட்டார். ஆனால் நீர் முதலில் அவர்கள் வீட்டில் கூழ் குடிக்கவேண்டுமாம், பிறகுதான் மன்னிப்பாம்.

விதியைப் பற்றிக் கேட்டிருந்தீர். பதில் எழுத மூன்று தாள் வீணாக்கிவிட்டேன். போனை வைத்த பிறகு திருப்பி எடுக்க வெட்கம். எடுக்காமல் இருக்கவும் முடியவில்லை. அவ்வளவுதான்.

சித்திரையில் வரவேண்டிய பதிப்பு இன்னும் வரவில்லை. எல்லாப் பக்கமும் முடிந்துவிட்டது, திருத்தப் பக்கம் ஒன்றுதான் மிச்சம். அதையும் எழுதிவிட்டேன். விதிப்படி தொகுப்பாசிரியர் இருவரும் ஒப்பவேண்டும். பாரும்:

"திருத்தம். இலக்கம் 12, பன்னிரண்டாம் ஆள். சென்ற பதிப்பில் போட்ட விலை பிழை. ரொறன்ரோவில் விற்பனை எதுவும் நடக்கவில்லை. அட்டை உரியவரிடமே இருக்கிறது. அவர் அதை விற்கமாட்டார். புதிய விலை, ஆடி மாதம் குருநகரில் நடக்கவிருக்கும் கைமாற்றுக்குப் பின்னர் சேர்க்கப்படும். பிழைக்குக் காரணம்: தொகுப்பாசிரியர்களில் ஒருவர் போனை வைத்தது."

சரியென்றால் கையெழுத்து வைக்கவேண்டும். தபாலில் அனுப்பவேண்டாம். வந்து வையும்.

அச்சகத்தில் ஆடி நடுப்பகுதி வரைக்கும்தான் பொறுப்பார்களாம். நான் அதற்குப் பிறகும் பொறுப்பேன். பழக்கம்தானே.

சிவரூபன்